ஒரு வீட்டின் மொழி: 'ஃபனி போய்' நாவலும் திரைப்படமும்

ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' என்னும் ஆங்கில நாவல் 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் தீபா மேத்தா அதனைத் திரைப்படமாக்கினார். 2020 டிசெம்பரில் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வாயிலாகவும் நெற்பிளிக்ஸ் வாயிலாகவும் படம் பார்வைக்கு வருமுன்னரே, அதன் முன்னோட்டத்தைக் கண்ட கனடியத் தமிழரிடையே, சிறப்பாக இளந்தலைமுறையினரிடையே, கடுமையான கண்டனம் எழுந்தது. தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதார் ஏற்றிருந்தனர் என்பது ஒரு முறைப்பாடு. அவர்கள் வாயிற் பிறந்த தமிழ் தமிழாகவே ஒலிக்கவில்லை என்பது மற்றொன்று. படத்தைப் புறக்கணிக்குமாறு கோரிக்கையும் விடுக்கப்பட்டது. அதே காலத்தில், சர்வதேசத் திரைப்படங்களுக்கான ஒஸ்கார் பிரிவுக்குக் கனடா இப்படத்தையே அனுப்பிவைத்தது. அப்பிரிவிற் போட்டியிடும் படத்தில் உரையாடலின் பாதிக்கு மேல் ஆங்கிலமல்லாத மொழியில் இருத்தல் வேண்டும். 'ஃபனி போய்' அவ்விதியை நிறைவுசெய்யவில்லை எனக் கூறி அமெரிக்கத் திரைப்படக் கழகம் அதனை ஏற்க மறுத்தது. கனடா வேறொரு படத்தை அனுப்ப நேர்ந்தது.

தமிழ் பழுதுபட்டுவிட்டது என்றனர் ரொறொன்ரோத் தமிழர். ஆங்கிலம் மிகுந்துவிட்டது என்றது ஹொலிவூட். ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோல் தோன்றும் இவ்விரு தீர்ப்புகளும் உண்மையில் ஒரே வினாவின் வாயிலில் வந்து நிற்கின்றன. கொழும்பில் வாழ்ந்த செல்வரத்தினம் குடும்பத்தின் வீட்டில், உணவு மேசையிலும் படுக்கையறையிலும் சமையற்கட்டிலும், எந்த மொழி பேசப்பட்டது? நாவலைப் பற்றியும் படத்தைப் பற்றியும் எழுதப்பட்டவற்றுள் நடிகர்களின் இனத்தைக் கணக்கெடுத்தவை பல. இவ்வினாவை எழுப்பியவை அரிது.

ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. தமது பாத்திரங்கள் எம்மொழியிற் பேசுகின்றனர் என்பதை அவர் கூறாமலே விட்டுவிடலாம். பாட்டி பேரனைக் கடிந்துகொள்ளும் வசனம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அது தமிழிலிருந்து ஆசிரியராற் பெயர்க்கப்பட்டதா, அன்றி அவ்வாறே ஆங்கிலத்திற் சொல்லப்பட்டதா என வாசகர் கேட்பதில்லை. இந்த மௌன ஒப்பந்தத்தின் மீதே தெற்காசிய ஆங்கிலப் புனைகதையின் பெரும்பகுதி கட்டப்பட்டுள்ளது. திரைப்படத்துக்கு இவ்வசதி இல்லை. நடிகையின் உதடு அசைந்ததும் மொழியொன்று காதில் விழுந்தாக வேண்டும். மொழி மட்டுமன்றி, அம்மொழியின் ஊரும் வகுப்பும் சேர்ந்தே விழும். நாவலாசிரியர் இருபத்தாறு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்த விடையைத் தீபா மேத்தா முதல் நாட் படப்பிடிப்பிலேயே சொல்ல வேண்டியிருந்தது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் செல்வதுரையே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அத்திரைக்கதைக்கும் நெறியாள்கைக்கும் 2021இல் கனடியத் திரைப்பட விருதுகள் கிடைத்தன.

எனினும் செல்வதுரை இவ்வினாவை அறியாதவரல்லர். நாவலை ஊன்றிப் படிப்போர்க்கு அது மொழியைப் பற்றிய நாவலாகவே தென்படும். அர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவனை அவன் தந்தை பாடசாலையிற் சிங்கள வகுப்பிலே சேர்த்துவிடுகிறார். நாட்டின் எதிர்கால மொழி சிங்களமே என்பது அவருடைய கணிப்பு. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற தலைமுறையின் மறுபக்கத்தில், அச்சட்டத்துக்கு ஏற்பத் தன் பிள்ளையை வளைத்தெடுத்த ஒரு தமிழ்த் தந்தையும் இருந்தார் என்பதை இத்துணை வெளிப்படையாகச் சொன்ன தமிழ்ப் புனைகதை அதிகமில்லை. பின்னர் விக்டோரியா அக்கடமி என்னும் கற்பனைக் கல்லூரியிற் சிங்கள மாணவர்கள் அர்ஜியைத் தமிழ் வகுப்புக்குப் போகும்படி விரட்டுகின்றனர். போவதற்கு அவனிடம் தமிழ் இல்லை. சிங்கள வகுப்பில் அவன் தமிழன். தமிழ் வகுப்புக்கு அவன் ஊமை. அந்நாட்களிற் கொழும்பின் பெரிய கல்லூரிகளில் ஒரே கூரையின்கீழ்ச் சிங்கள மொழிமூல வகுப்பும் தமிழ் மொழிமூல வகுப்பும் தனித்தனி உலகங்களாய் இயங்கியதை அறிந்தோர்க்கு இக்காட்சியின் கூர்மை எளிதிற் புலப்படும்.

உறவுப் பெயர்களும் இங்கு சாட்சி சொல்கின்றன. அர்ஜியின் தந்தைவழிப் பாட்டி 'அம்மாச்சி' எனப்படுகிறார், பாட்டனார் 'அப்பாச்சி'. யாழ்ப்பாணத்து வாசகர் இவ்விடத்திற் புருவத்தை உயர்த்துவார். அங்கே அப்பாச்சி என்பது தந்தையின் தாயைக் குறிக்கும், ஆணைக் குறிப்பதில்லை. பெற்றோரின் உடன்பிறந்தார் மாமியாகவோ சின்னம்மாவாகவோ வருவதில்லை. 'ராதா அன்ரி' என்றே வருகின்றனர். இதனை ஆசிரியரின் தமிழறிவுக் குறை என்று தள்ளிவிடுவது எளிது. தமிழ் இந்த வீட்டில் எந்த அளவுக்கு, எந்த வடிவில் எஞ்சியிருந்தது என்பதற்கான ஆவணமாகக் கொள்வதே பொருத்தமானது. உறவுமுறை என்ற இலக்கணம் கரைந்து, விளிச்சொற்கள் மட்டும் மிஞ்சிய வீடு அது. பறங்கியரும் சிங்களரும் மேல்நடுத்தர வர்க்கத் தமிழரும் ஆங்கிலத்தின் நிழலில் ஒருவரையொருவர் 'அன்ரி', 'அங்கிள்' என அழைத்துக்கொண்ட கொழும்பு, ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. அக்கொழும்பின் உள்ளிருந்தே செல்வதுரை எழுதுகிறார். தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1965இற் பிறந்து, 1983 வன்செயலை அடுத்துக் குடும்பத்தோடு கனடா சென்றவர் அவர்.

மொழியும் உச்சரிப்பும் பற்றிய நாவலின் உச்சக் காட்சி வேறொன்று. கல்லூரி அதிபர், பேரரசுக் காலத்து ஆங்கிலக் கவிதைகளைப் பரிசளிப்பு விழாவில் ஒப்புவிக்கும் பொறுப்பை அர்ஜியிடம் ஒப்படைக்கிறார். பிழைவிட்டாற் பிரம்படி. அர்ஜி தன் நண்பன் செஹான் சொய்சாவுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழிதீர்க்கும் வகையில், விழா மேடையிலே வேண்டுமென்றே வரிகளைக் குழப்பிச் சிதைத்து ஒப்புவிக்கிறான். நாவலில் அவன் புரியும் மிகத் துணிச்சலான செயல் இந்தப் பிழைபட்ட ஒப்புவிப்பே. திருத்தமான உச்சரிப்பு அதிகாரத்தின் கருவியாக இருக்கும் இடத்தில், பிழை விடுதலையின் கருவியாகிறது. இத்தகையதொரு நாவலின் திரைவடிவம் உச்சரிப்புப் பிழைக்காகவே கண்டிக்கப்பட்டது என்பதிலுள்ள முரண்நகை சாதாரணமானதன்று.

ஆனால் இம்முரண்நகையைக் காட்டிக் கண்டனக்காரரை வாயடைக்கச் செய்வதும் நேர்மையாகாது. அர்ஜியின் பிழை, மொழியைக் கற்றறிந்தவனின் தெரிவு. படத்தின் பிழையோ கவனமின்மையின் விளைவு. அம்மாச்சியாக அஸாமைச் சேர்ந்த சீமா பிஸ்வாஸும், தந்தையாகப் பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட அலி காஸ்மியும், ராதாவாகப் பஞ்சாபிய வம்சாவழிக் கனடியரான அகாம் டார்ஷியும் நடித்தனர். சீமா பிஸ்வாஸ் எத்துணை ஆற்றல் வாய்ந்த நடிகை என்பதை யாரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. இருப்பினும் தெற்காசியர் என்ற ஒரே சட்டைக்குள் எல்லோரையும் புகுத்திவிடலாம் என்ற எண்ணமே இத்தெரிவுகளின் பின்னால் நிற்கிறது. மேலைநாடுகளில் வழங்கும் இச்சட்டை புலம்பெயர்ந்தோரின் அரசியலுக்குச் சில வேளைகளிற் பயன்பட்டதுண்டு. ஆயினும் தமிழர் என்ற காரணத்தாற் கொல்லப்பட்டோரின் கதையைச் சொல்லுமிடத்து, அச்சட்டை போர்வையாகி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

கொழும்பைப் பொறுத்தவரை உச்சரிப்பு என்பது மொழியியல் மாணவரின் ஆராய்ச்சிப் பொருள் மட்டுமன்று. 1958இலும் 1983இலும் கும்பல்கள் வாகனங்களை மறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு பணித்தும், பௌத்த காதைகளை ஒப்புவிக்கச் செய்தும் தமிழரை இனங்கண்டமையை அக்கால நினைவுகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. நாவில் ஓர் எழுத்து பிசகினால் உயிர் போகும் நிலை. 1983 ஜூலை 25ஆந் திகதி வெள்ளவத்தையின் ஒழுங்கைகளுக்குள் நுழைந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. பெயர் காட்டிக்கொடுக்காதவரை நாக்குக் காட்டிக்கொடுத்தது. காலி வீதியில் நாக்கினால் அளக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தம் கதையைக் கூறும் படத்தில் நடிகரின் நாக்கை அளந்தனர் எனில், அதனைக் குறுகிய மொழிப்பற்று என்று எள்ளுதற்கு யாருக்கும் உரிமையில்லை.

அவர்கள் எதிர்பார்த்த தமிழ் எது என்பது அடுத்து எழும் வினா. கண்டனங்களின் தொனியை நோக்கின், யாழ்ப்பாணத் தமிழையே பலர் அளவுகோலாகக் கொண்டமை தெரிகிறது. செல்வரத்தினம் வீட்டார் தூய யாழ்ப்பாணத் தமிழ் பேசியிருந்தால் அதுவும் பொய்யாகவே ஒலித்திருக்கும். கொழும்புத் தமிழ் ஒன்றன்று. வெள்ளவத்தையின் கடலோர ஒழுங்கைகளில் அரச உத்தியோகத்தரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் பேசிய, பாதி ஆங்கிலமான தமிழ் ஒருபுறம். நகரின் வடக்கே கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெருப் பகுதிகளிற் கேட்ட தமிழ் வேறு. அங்கே துறைமுகத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், தீவகத்திலிருந்து வந்த வணிகர், இந்திய வம்சாவழியினர், பரதவர், கொழும்புச் செட்டிகள், தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஆகியோர் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்ந்தனர். ஒரே வீதியில் மூன்று நான்கு வகைத் தமிழும் கொச்சைச் சிங்களமும் கலந்து புழங்கின. பொன்னம்பலவாணேசர் கோயிலும் புனித லூசியா பேராலயமும் விவேகானந்த சபையும் நடந்து செல்லும் தொலைவிற்குள் அமைந்த பகுதி அது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் தெற்கே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் சென்றபோதுதான் இவ்விரு கொழும்புகளும் ஆண்டுக்கொரு முறை முகம் பார்த்துக்கொண்டன என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

நாவலிற் கொட்டாஞ்சேனை இல்லை. சிறுவனொருவனின் பார்வைக்குள், அதுவும் காரிற் பாடசாலை செல்லும் வர்க்கத்துச் சிறுவனின் பார்வைக்குள், அது வராமற் போனதைக் குறையாகக் கொள்ள முடியாது. கலைஞன் தான் அறிந்த ஒழுங்கையிலிருந்தே எழுதுவான். குறை அதனை வாசித்த முறையில் உள்ளது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இந்நாவல் இலங்கைத் தமிழரின் கதை என்ற பெயரில் இடம்பிடித்தபோது, ஒரு வகுப்பினரின் ஆங்கிலம் ஓர் இனத்தின் குரலாக ஏற்றம் பெற்றது. 1983இல் வீடிழந்தோருள் ஆங்கிலமும் தொழிற்றகைமையும் வெளிநாட்டு உறவும் உடையோர் ஒப்பீட்டளவில் விரைவாகவே கனடாவையும் அவுஸ்திரேலியாவையும் அடைந்தனர். அவையற்றோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் அமைந்த அகதி முகாம்களில் அடைந்துகிடந்து, கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கினர்.

அவ்வாறு வடக்கே போனவர்களும் அங்கேயே இருந்தவர்களும் போர் முற்றியபோது மறுபடியும் கொழும்புக்கு வந்தனர். வாழ்வதற்காகவன்று, நாட்டைவிட்டுப் போவதற்காக. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூலைக்கு மூலை லொட்ஜுகள் பெருகின. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் முகவரின் தொலைபேசி அழைப்புக்கும் காத்து, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அவ்வறைகளிற் கிடந்தனர். பொலிஸ் பதிவும் நள்ளிரவுச் சோதனையும் அன்றாட நடைமுறையாயின. 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர்; மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. ரொறொன்ரோவில் 2020இற் குரலெழுப்பிய இளைஞரிற் பெரும்பாலோர் இந்த லொட்ஜுகளின் வழியாகச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள் என்று கருதுவது தவறாகாது. அவர்களுக்கு ஆங்கிலம் கனடாவிற் கிடைத்தது. தமிழ் வீட்டிலிருந்து வந்தது. செல்வரத்தினம் குடும்பத்துக்கோ ஆங்கிலம் கொழும்பிலேயே வீட்டு மொழி. எனவே இப்படத்தைச் சுற்றி நடந்த சர்ச்சையைத் தமிழருக்கும் தமிழரல்லாதாருக்கும் இடையிலான வழக்காக மட்டுங் காண்பது போதாது. புலம்பெயர்ந்த தமிழருக்குள்ளேயே இரு வேறு பயணங்களை மேற்கொண்ட இரு வர்க்கத்தினர் முதன்முறையாக ஒரே திரையின் முன்னால் அமர்ந்து, இது நம் வீடா என்று கேட்டுக்கொண்ட தருணம் அது.

இயக்குநர் வேற்றினத்தவர் என்பதே தவறுகளுக்குக் காரணமென வாதிட்டோரும் உளர். அவ்வாதம் நிலைக்காது. 1970களின் பிற்பகுதியில் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர் காவலூர் இராஜதுரையின் கதைவசனத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்திற் படமாக்கினார். வணிகரீதியில் அது தோற்றது. ஆயினும் ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அதனைத் தவிர்க்க இயலாது. யாழ்ப்பாணத்தவரையே நடிக்கவைத்து, அவர்தம் பேச்சை அதன் போக்கிலே விட்டுவைத்தார் பத்திராஜ. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியார் 2015இற் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தியைத் தலைமைப் பாத்திரமாக்கி, உரையாடலின் பெரும்பகுதியைத் தமிழிலேயே அமைத்தார். அப்படத்தின் இறுதிப் பகுதி மேலைநாட்டுத் துப்பாக்கிப் படங்களின் பாணியிற் சரிந்துவிட்டதென்பது வேறு விடயம். மொழி தெரியாத இயக்குநர் மொழி தெரிந்தோரை நம்பலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. தீபா மேத்தா இதனை அறியாதவர் என்றுஞ் சொல்வதற்கில்லை. வாரணாசியில் எழுந்த எதிர்ப்பினாற் குழம்பிய 'வோட்டர்' படத்தை இலங்கையிலேயே எடுத்து முடித்தவர் அவர். கனடாவின் சார்பில் ஒஸ்கார் நியமனம் பெற்ற அப்படத்தின் மொழி இந்தி. கங்கைக்கரை விதவையின் இந்திக்கு அளித்த மதிப்பில் ஒரு பங்கையேனும் வெள்ளவத்தைத் தமிழுக்கு அளித்திருக்கலாம்.

மொழிச் சர்ச்சையின் ஆரவாரத்தில் நாவலின் மையப்பொருள் அமிழ்ந்துபோனமை வருந்தத்தக்கது. 'ஃபனி' என்ற சொல்லுக்கு நகைப்புக்குரியது என்றும், வழமைக்கு மாறானது என்றும் இரு பொருள்கள் உள. பெரியவர்கள் தன்னைக் குறித்து அச்சொல்லை வழங்கும்போது இரண்டுமே பொருந்தாத ஏதோவொன்று அதிலே தொக்கி நிற்பதைச் சிறுவன் அர்ஜி உணர்கிறான். பாட்டி வீட்டுத் தோட்டத்திற் சேலையுடுத்து மணப்பெண்ணாக விளையாடியவனை அவ்விளையாட்டிலிருந்து வெளியேற்றும் முதற் கதை, தன்பாலின விருப்புடைய ஒருவனின் இளமைக்காலத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லத் தொடங்குகிறது. (அவனைக் காட்டிக்கொடுக்கும் சிறுமி வெளிநாட்டிலிருந்து அண்மையில் திரும்பியவள் என்பதைப் புலம்பெயர் வாசகர் கவனித்தனரோ தெரியவில்லை.) 1883ஆம் ஆண்டின் குற்றவியற் கோவை வழியாகக் குடியேற்ற ஆட்சி புகுத்திய தண்டனைப் பிரிவுகள் நடைமுறையில் இருந்த நாட்டைப் பற்றி, அக்குடியேற்றத்தின் மொழியிலேயே இதனை எழுத வேண்டியிருந்தது. தமிழில் இவ்வாறு எழுதியிருக்க முடியுமா என்ற கேள்வியைத் தமிழ் வாசகர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் அர்ஜிக்கு அந்நியமாதலின் அடையாளம் என்பது உண்மை. அவன் மூச்சுவிடக் கிடைத்த ஒரே அறையும் அதுவே.

கொழும்புத் தமிழரை ஆங்கிலத்திற் படைத்த ஏனையோர் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்பதும் பயனுடையது. சண்டிலிப்பாய்ப் பின்னணி கொண்டவரும், 1958 வன்செயலை அடுத்து இலண்டன் சென்றவருமான அ. சிவானந்தன் 1997இல் வெளியிட்ட 'வென் மெமரி டைஸ்' நாவலில் மூன்று தலைமுறைகளின் கதையைச் சொல்கிறார். அங்கே தமிழரும் சிங்களரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது வேலைத்தலத்திலும் வேலைநிறுத்தத்திலும். ஆகவே மொழி வேற்றுமை தோழமைக்குள் அடங்கிக் கிடந்து, அத்தோழமை முறியும்போது பூதாகாரமாக எழுகிறது. அ. சிவானந்தனின் கொழும்பு செல்வதுரையினதைவிட அகலமானது. ஆனால் ஒரு வீட்டின் உள்ளறைகளை அவர் அத்துணை நுணுக்கமாகக் காட்டவில்லை. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. போருக்குப் பிந்திய வெள்ளவத்தையில் தாயோடும் அப்பம்மாவோடும் வாழும் கிரிஷன், அப்பம்மாவைப் பராமரித்த ராணியின் மரணச்சடங்குக்காகக் கிளிநொச்சிப் பக்கம் புறப்படுகிறான். இந்நாவலில் நேர்கூற்று உரையாடல் இல்லை. பேசப்பட்டவை யாவும் கதைசொல்லியின் நீண்ட வாக்கியங்களுள் அயற்கூற்றாகக் கரைக்கப்பட்டுள்ளன. மொழிப் பிரச்சினைக்கு இது நேர்த்தியானதொரு தீர்வு எனப் பாராட்டலாம். பாத்திரங்களின் வாயையே மூடிவிடும் தீர்வு என்றும் சொல்லலாம். போரிற் பிள்ளைகளை இழந்த ராணி தன் வன்னித் தமிழிற் பேசும் ஒரு வாக்கியத்தையேனும் கேட்க விரும்பும் வாசகருக்கு அந்நாவல் எதனையும் தருவதில்லை. அதனைத் திரைப்படமாக்க முனைவோர் 'ஃபனி போய்' படத்தினர் எதிர்கொண்டதைவிடக் கடினமான கேள்வியை எதிர்கொள்ள நேரும்.

'ஃபனி போய்' நாவலின் இறுதிப் பக்கங்களில், 1983 ஜூலைக்குப் பின்னர், அம்மாச்சியும் அப்பாச்சியும் காரோடு எரிக்கப்பட்டுவிட்ட பின்னர், கனடாவுக்குப் புறப்படுமுன் அர்ஜி எரிந்துபோன தன் வீட்டைப் பார்க்கச் செல்கிறான். கதவுகளும் யன்னல்களும்கூட எடுத்துச்செல்லப்பட்டுவிட்ட அவ்வீட்டின் தாழ்வாரத்தில் மழைக்குள் அமர்ந்து அழுகிறான். அவ்விடத்தில் அவனோடு பேசுவதற்கு எவருமில்லை. எந்த மொழியில் என்ற கேள்வி அங்கு எழவுமில்லை.